ஜெபம், அதிகாரம், அரசமைப்பு: வீட்டுப் பள்ளியில் அமெரிக்க அரசியல் பாடம்

1787 ஜூன் 28 அன்று, பிலடெல்பியாவில் அரசமைப்பு மன்றம் வாக்குவாதத்தில் சிக்கித் திணறிக்கொண்டிருந்தபோது, 81 வயது பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு யோசனை சொன்னார்: தினமும் ஜெபத்தோடு அவையைத் தொடங்குவோம். அமெரிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு அரசாங்கப் பாடம் நடத்தும்போது இந்தச் சம்பவத்தை விரும்பிச் சொல்வது வழக்கம். அதன் மறுபாதி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. மன்றம் அந்த யோசனையை ஏற்கவில்லை. மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் ஜெபம் தேவையில்லை என்றே எண்ணினார்கள் என்று பிராங்க்ளினே தன் கைப்பிரதியில் குறித்து வைத்தார். பிள்ளையை மூல நிகழ்ச்சி வரைக்கும் கூட்டிக்கொண்டு போவது இந்தப் பாடமுறையின் பலம். பாதி வழியில் நிறுத்திவிடுவது அதன் குறை.

வீட்டுவழிக் கல்வி 1993-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. அதற்காக வழக்காடிய அமைப்பை 1983-இல் தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கேல் பாரிஸ், பின்னர் 2000-இல் வர்ஜீனியாவில் பாட்ரிக் ஹென்றி கல்லூரியையும் நிறுவினார். வீட்டில் படித்த பிள்ளைகளை அரசுப் பணிக்கும் சட்டத் துறைக்கும் அனுப்புவது அதன் கனவு. பென்சகோலாவின் அபெக்கா போன்ற பதிப்பகங்கள் கிறிஸ்தவ நோக்கில் அரசாங்கப் பாடநூல்களை வெளியிடுகின்றன. டெக்சஸ் மாநிலத்தில் நற்குடிமை கட்டாயப் பாடம்தான். ஆனால் அரசு தேர்வு வைப்பதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை என்ன படிக்கிறது என்பது அங்கே பெற்றோரின் மனசாட்சியையும் கையிலிருக்கும் பாடநூலையும் மட்டுமே பொறுத்தது.

இந்தப் பாடமுறையைக் குறை சொல்பவர்கள் அதன் நல்ல பக்கத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள். அதிபர் ஒரு மசோதாவைத் தடுக்கலாம், மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் காங்கிரஸ் அந்தத் தடையை மீறலாம் என்பதைப் பல பள்ளிப் புத்தகங்கள் அம்புக்குறி போட்ட வரைபடமாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். இப்படி ஒருவரை ஒருவர் தடுக்கும் ஏற்பாடு எதற்கு? மனிதனின் பாவ சுபாவத்தை நம்பும் குடும்பத்தில் அதற்கு ஆழமான விடை கிடைக்கிறது: அதிகாரத்தை முழுதாக ஒப்படைக்கத் தகுந்த மனிதன் எவனும் இல்லை. இது வலிந்து பொருத்திய விளக்கமும் அல்ல. அரசமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 51-ஆவதில், மனிதர்கள் தேவதூதர்கள் அல்லர் என்பதிலிருந்துதான் ஜேம்ஸ் மேடிசன் தன் வாதத்தைக் கட்டுகிறார். பிரின்ஸ்டனில் அவர் படித்த கல்லூரியின் தலைவர் விதர்ஸ்பூன், பிரஸ்பிட்டேரியன் போதகர். சுதந்திரப் பிரகடனத்திலும் கையெழுத்திட்டவர்.

சாமுவேலின் முதல் புத்தகம் 8-ஆம் அதிகாரம் இன்னொரு நல்ல வாசல். ராஜா வேண்டும் என்று கேட்ட ஜனங்களிடம், அவன் உங்கள் மகன்களையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என்று தீர்க்கதரிசி எச்சரிக்கும் இடம் அது. 1776-இல் தாமஸ் பெய்ன் முடியாட்சிக்கு எதிராக எழுதிய புகழ்பெற்ற சிறுநூலில் இதே அதிகாரத்தை எடுத்து வாதாடினார். பெய்ன் பின்னாளில் வேதாகமத்தையே கடுமையாகத் தாக்கியவர். அப்படிப்பட்டவருக்கும் அன்றைய வாசகர்களிடம் பேச வேதாகமத்தின் மொழி தேவைப்பட்டது. அந்த மொழி தெரியாத மாணவனுக்கு அந்தக் காலத்தின் பாதி புரியாது.

குறைகளில் முதலாவது, வசனத்தைத் தேடிப்பிடித்து ஒட்டுவது. ஏசாயா 33:22-இல் கர்த்தர் நியாயாதிபதி, நியாயப்பிரமாணிகர், ராஜா என மூன்றாகச் சொல்லப்படுகிறார். அமெரிக்க அரசாங்கத்தின் மூன்று கிளைகளும் அங்கிருந்தே வந்தன என்று சில பாடங்கள் கற்பிக்கின்றன. வசனத்தை நிதானமாகப் படித்தாலே போதும். அது மூன்று அதிகாரங்களையும் ஒருவரிடமே சேர்க்கிறது. மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் அதுதான் கொடுங்கோன்மை என்று ஃபெடரலிஸ்ட் 47-இல் எழுதியவர் மேடிசன். அங்கே அவர் மேற்கோள் காட்டுவது பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூவை. மூன்றும் கடவுளிடம் இருக்கலாம், மனிதனிடம் கூடாது என்று பாடம் நடத்தியிருந்தால் வசனமும் வரலாறும் இரண்டுமே காப்பாற்றப்பட்டிருக்கும்.

இதே போக்கு நூல்களிலும் உண்டு. டேவிட் பார்ட்டன் எழுதிய ஜெஃபர்சன் பற்றிய நூலை, உண்மைப் பிழைகள் சுட்டிக்காட்டப்பட்ட பிறகு, 2012-இல் தாமஸ் நெல்சன் பதிப்பகம் திரும்பப் பெற்றது. வெளியிட்டது கிறிஸ்தவப் பதிப்பகம். பிழைகளை எடுத்துக்காட்டியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர்கள். உண்மைக்குச் சாட்சி சொல்லும் கடமை விசுவாசத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஒரு பிள்ளைக்கு வேண்டாம்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. எந்தக் கிறிஸ்தவரின் நோக்கு இது? சபையையும் அரசையும் பிரித்து வைப்பது அவிசுவாசிகளின் சூழ்ச்சி, இருபதாம் நூற்றாண்டு நீதிபதிகளின் கண்டுபிடிப்பு என்ற தொனி இந்த வட்டாரத்தில் அடிக்கடி கேட்கிறது. ஆனால் மாசசூசெட்ஸிலிருந்து துரத்தப்பட்டு 1636-இல் பிராவிடன்ஸை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ் போதகர். அரசின் கை பட்டால் சபை கெடும் என்பதே அவர் கவலை. வர்ஜீனியாவில் உரிமம் இல்லாமல் பிரசங்கித்ததற்காகச் சிறைக்குப் போனவர்கள் பாப்டிஸ்ட் ஊழியர்கள். கிறிஸ்தவப் போதகர்களை ஆதரிக்க வரி விதிக்கலாம் என்று 1784-இல் வர்ஜீனியாவின் அரசியல் தலைவர் பாட்ரிக் ஹென்றி மசோதாவை முன்னெடுத்தபோது, மேடிசன் எழுதிய எதிர்ப்பு மனுவோடு சேர்ந்து நின்றவர்களும் அவர்களே. மசோதா வீழ்ந்தது, 1786-இல் மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. இவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் கிறிஸ்தவ நோக்கு, கிறிஸ்தவர்களிலேயே பாதிப் பேரை விட்டுவிட்டு எழுதப்படுகிறது.

ரோமர் 13-ஆம் அதிகாரத்துக்கும் இதே கதி நேர்கிறது. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் அந்த வசனங்களை, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன 1850-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதரவாகப் போதகர்கள் மேடையில் வாசித்தார்கள். அதே வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அடிமைகளைத் தம் வீட்டில் ஒளித்து வைத்தவர்களும் இருந்தார்கள். 1963-இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எட்டு மதகுருக்களுக்குப் பதில் எழுதிய மார்ட்டின் லூதர் கிங், பாப்டிஸ்ட் போதகர். அநீதியான சட்டத்தை மீறுவது எப்போது கடமையாகும் என்பதற்கு அவர் அகஸ்டினையும் அக்குவினாஸையும் துணைக்கு அழைக்கிறார். ரோமர் 13-ஐ நடத்தும் வாரத்தில் இந்தக் கடிதத்தை நடத்தாத பாடத்திட்டத்தை நான் கிறிஸ்தவப் பாடத்திட்டம் என்றே ஏற்க மாட்டேன்.

வீட்டில் ஆசிரியரும் தேர்வாளரும் பெற்றோரே. எதிர்க்கேள்வி கேட்கும் வகுப்புத் தோழன் அங்கே இல்லை. ஆனாலும் இந்தக் குறையைத் தீர்க்கும் கருவி அவர்களிடமே இருக்கிறது. வீட்டுவழிக் கல்வி மாணவர்களுக்கான கிறிஸ்தவ விவாதப் போட்டிகள் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கின்றன. ஒரே மாணவர் ஒரு சுற்றில் தீர்மானத்தை ஆதரித்தும் அடுத்த சுற்றில் எதிர்த்தும் பேசியாக வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பாட மேசைக்குக் கொண்டு வரலாம். ஹென்றியின் மசோதாவையும் மேடிசனின் மனுவையும் முழுதாகக் கொடுத்து, திங்கட்கிழமை ஒன்றுக்காகவும் செவ்வாய்க்கிழமை மற்றதற்காகவும் வாதாடச் சொல்லலாம். இரண்டு வாதமும் முடியும் வரை தாயோ தகப்பனோ தன் கட்சி எது என்று சொல்லாமல் இருக்க வேண்டும்.