ரிலே போட்ட எண்ணூறு

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் வடமாலபேட்டை. தினமும் அந்தச் சாலையில் வேலைக்குப் போய்வர, செகண்ட் ஹேண்ட் மாருதி 800 தாராளம். 1983 முதல் 2014 வரை தயாரான வண்டி. 796 சிசி, மூன்றே சிலிண்டர்.

முதலில் ஆயில், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக். அலங்காரமெல்லாம் அப்புறம்.

கைச்செலவுக்குள் ரசிக்கத்தக்க வேலை ஹெட்லைட் ரிலே. பழைய வண்டியில் பல்புக்கான கரன்ட் ஸ்டீயரிங் பக்க ஸ்விட்ச் வழியே மெல்லிய வயரில் சுற்றி வருவதால் வோல்டேஜ் குறைந்து, வெளிச்சம் மஞ்சளடிக்கும். ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தடித்த வயரை நேராக இழுத்தால் அதே 60/55 வாட் ஹாலஜன் பளிச்சென்று எரியும், ஸ்விட்சும் சூடாகாது.

டயரில் மட்டும் ஆசை கூடாது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டிக்கு அகல டயர் மாட்டினால், ரிவர்ஸ் எடுக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும்.