சங்கத்தின் வாயில்

கலைஞர் கூடும் சங்கங்களை விடுதலையின் உறைவிடங்களெனப் போற்றுவது மரபாகிவிட்டது. இலண்டன் செல்சி கலைச் சங்கத்தின் வரலாறு இம்மரபை நாம் ஐயுறச் செய்கின்றது.

1891ஆம் ஆண்டு அதனைத் தோற்றுவித்தோருள் ஓவியர் விசிலரும் ஒருவர். றோயல் அக்கடமியின் ஆதிக்கத்தை எள்ளி நகையாடியவர். முதலாம் உலகப் போரின்போது உறுப்பினர் பலர் வான்ட்ஸ்வேத் இராணுவ வைத்தியசாலையில் ஊழியராய்ப் பணிபுரிந்தனர். சிற்பி டேர்வென்ற் வூட், முகஞ் சிதைந்த போர்வீரருக்கு உலோக முகமூடிகள் செய்தளித்தார். கலை மக்கட்பணியாதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இதனை மறைத்தல் நேர்மையாகாது.

ஆயினும், அச்சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1960களிலேதான். பெண்ணை முன்னிருத்தி ஓவியந் தீட்டினர். 1910 தொடக்கம் 1958 வரை அல்பேட் மண்டபத்திலே தாம் நடத்திய மாறுவேட நடனங்களிற் பெண்களோடு ஆடினர். தூரிகை பிடித்த பெண்ணுக்குச் சரியாசனம் அளிக்க மட்டும் மனங்கொண்டாரில்லை. இதற்குக் கலைக்கொள்கை காரணமன்று. சங்கமென்பது ஆடவர் ஓய்வுகூடம் என்ற ஆங்கில மேற்றட்டு வழக்கமே காரணமென்போம்.

விசிலர் எள்ளிய அக்கடமியோ 1768இல் தோன்றியபோதே அஞ்செலிக்கா கோஃப்மன், மேரி மோசர் என்னும் இரு பெண்களைக் கொண்டிருந்தது. பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அதுவுங் கதவடைத்தே கிடந்தது. எனினும் 1936இல் லோறா நைற்றை முழு உறுப்பினராக்கி, கலகக்காரரின் சங்கத்தை இருபதாண்டுகளுக்கு மேல் முந்திக்கொண்டது.