சிவப்பில் அச்சான எண்கள்: லேப் ரிப்போர்ட்டை ஒரு பிரதியாகப் படித்தல்

நம் வீடுகளில் மிகவும் கவனமாகப் படிக்கப்படும் அச்சுத்தாள் எது என்று கேட்டால், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் என்றுதான் சொல்வேன். வரி வரியாக விரல் வைத்துப் படிக்கிறோம். தடித்த எழுத்தில் இருப்பதை இரண்டு தடவை படிக்கிறோம். போட்டோ எடுத்து, டாக்டருக்குப் படித்த ஒன்றுவிட்ட தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். இத்தனை பேர் இத்தனை பயத்தோடு படிக்கும் ஒரு பிரதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யாராவது விமரிசிக்க வேண்டாமா?

நான் மருத்துவன் இல்லை. பி.ஈ. முடித்து இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன். என் வேலையில் தினமும் புழங்குவது லாக், அலர்ட், எல்லை மதிப்பு. தேவையில்லாத அலர்ட் பெருகினால் உண்மையான அலர்ட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது எங்கள் துறையின் பாலபாடம். அந்தக் கண்ணோடு பார்த்தால் லேப் ரிப்போர்ட்டின் மேல் எனக்கு இரண்டு புகார்கள் உண்டு. ஒன்றுமே இல்லாதபோது அது கத்துகிறது. ஏதோ இருக்கும்போது சும்மா இருந்துவிடுகிறது.

எண் எங்கிருந்து வருது?

ரிப்போர்ட்டில் உள்ள பெரும்பாலான எண்கள் நிறத்தை அளந்து வந்தவை. சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி குளுக்கோஸோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாக்குகிறது. இன்னொரு நொதி அதை வைத்து ஒரு இளஞ்சிவப்புச் சாயத்தை உருவாக்குகிறது. 505 நானோமீட்டர் அளவிலான ஒளியை அதன் வழியே செலுத்தி, எவ்வளவு ஒளி விழுங்கப்படுகிறது என்று மெஷின் பார்க்கிறது. நிறம் அடர்ந்தால் சர்க்கரை அதிகம், அவ்வளவுதான். மெஷின் சர்க்கரையை நேரடியாகப் பார்ப்பதே இல்லை.

எஸ்ஜிபிடி போன்ற ஈரல் நொதிகளுக்கு அளவு எடுப்பது கிடையாது, வேகம்தான் எடுக்கப்படுகிறது. 340 நானோமீட்டரில் ஒளி விழுங்கப்படுவது நிமிஷத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடுகிறார்கள். அதனால்தான் அங்கே மில்லிகிராம் இல்லாமல் 'யூனிட்' என்று போட்டிருக்கும். சோடியமும் பொட்டாசியமும் மின்முனையில் எழும் மின்னழுத்தத்திலிருந்து வருபவை. எல்டிஎல் கொலஸ்ட்ரால் பல லேப்களில் அளக்கப்படுவதே இல்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவது அது. 1972இல் ஃபிரீடுவால்டு குழு வெளியிட்ட சூத்திரம். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரம் உதவாது.

இதிலே எனக்குப் பிடித்த கதை கிரியாட்டினின். 1886இல் மாக்ஸ் யாஃபே என்பவர், காரக் கரைசலில் பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்தால் கிரியாட்டினின் ஆரஞ்சு நிறமாகிறது என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் பல லேப்களில் சிறுநீரகத்தை எடைபோடுவது அதே வினைதான். சிக்கல் என்னவென்றால், அந்த நிறத்தைக் கிரியாட்டினின் மட்டும் தருவதில்லை. கீட்டோன்கள் தரும், மிக அதிகமான சர்க்கரை தரும், செஃபாக்ஸிடின் போன்ற ஆன்டிபயாடிக்கும் தரும். கடும் மஞ்சள் காமாலை எதிர்ப்பக்கமாக எண்ணைக் கீழே இழுக்கும். இந்தத் தொல்லை மிகவும் குறைவான நொதி முறை இருக்கிறது, விலைதான் கூடுதல். இரண்டு முறைகளில் எது பயன்பட்டது என்பதைச் சில ரிப்போர்ட்டுகள் பரிசோதனைப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் அச்சிடுகின்றன. நாம் படிக்காமல் தாண்டிப்போகும் வரி அது.

'நார்மல்' என்பது யார்?

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரம்பு இருக்கிறதே, அது இயற்கை வகுத்த எல்லை அல்ல. ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்படும் ஒரு குழுவைச் சோதித்து (குறைந்தது 120 பேர் வேண்டும் என்பது பரவலான வழிகாட்டுதல்), இரண்டு ஓரங்களிலும் 2.5 சதவீதத்தை வெட்டிவிட்டு நடுவில் நிற்கும் 95 சதவீதத்தை வரம்பு என்கிறார்கள். 'நார்மல்' என்ற சொல் குழப்புகிறது என்று சொல்லி, 1969இல் ஃபின்லாந்தின் கிரேஸ்பெக்கும் சாரிஸும் 'ஒப்பீட்டு மதிப்பு' என்ற கருத்தை முன்வைத்தார்கள். துறை அதை ஏற்றுக்கொண்டது. நம்ம பேச்சில்தான் 'நார்மல்' இன்னும் போகவில்லை.

இந்த வரையறையின் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. நோய் ஏதும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் ஒவ்வொரு பரிசோதனையிலும் வரம்புக்கு வெளியே இருப்பார்கள். வரம்பையே அப்படித்தானே வெட்டினோம்! ஒருவருக்கு 20 பரிசோதனை செய்தால், எல்லாமே வரம்புக்குள் விழும் வாய்ப்பு 0.95ஐ இருபது முறை பெருக்கினால் வரும், சுமார் 36 சதவீதம். அதாவது மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு சிவப்பு எண் உறுதி. '60 பரிசோதனை சலுகை விலையில்' என்று வரும் பேக்கேஜில் முழுக்கச் சுத்தமான ரிப்போர்ட் வாங்குவது நூறில் ஐந்து பேர்தான். பரிசோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. நிஜத்தில் அவை ஓரளவு சார்ந்தவை என்பதால் எண்கள் கொஞ்சம் மாறும், போகும் திசை மாறாது.

இன்னொரு குழப்பமும் அதே பத்தியில் ஒளிந்திருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 126 என்பது இப்படி ஓரம் வெட்டி வந்த எண் இல்லை. எந்த அளவுக்கு மேல் கண்ணின் விழித்திரை பாதிக்கப்படுகிறது என்று ஆராய்ந்து, அதையொட்டி வைத்த முடிவெடுக்கும் எல்லை. அதிலும் அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து நீரிழிவு என்று சொல்லக்கூடாது, இன்னொரு முடிவும் அதை உறுதிப்படுத்த வேண்டும். 'உங்களைப் போன்றவர்களில் இது அரிது' என்பது ஒரு வாக்கியம். 'இதற்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது' என்பது வேறு வாக்கியம். ரிப்போர்ட் இரண்டையும் ஒரே பத்தியில், ஒரே எழுத்தில், ஒரே சிவப்பில் அச்சிடுகிறது. புரோகிராமில் இரண்டு வெவ்வேறு வகைத் தரவை ஒரே மாறியில் திணித்தால் கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.

பொட்டாசியம் 6.3

போன வருஷம் அப்பாவுக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். காலை ஏழு மணி. மாலையில் என் செல்போனுக்கு ரிப்போர்ட் வந்தது. பொட்டாசியம் 6.3, சிவப்பில். மேல் வரம்பு 5.1. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முதலில் ஈசிஜி எடுக்கச் சொன்னார், கூடவே புதிதாக ரத்தமும். அப்புறம் என்னிடம், "காலையில எத்தனை மணிக்கு எடுத்தாங்க? எப்ப லேபுக்குப் போச்சு?" என்று கேட்டார். விசாரித்ததில், சாம்பிள் மெஷினுக்குப் போனது பிற்பகலில் என்று தெரிந்தது. புது முடிவு 4.5.

நடந்தது இதுதான். செல்லுக்குள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே சீரத்தில் இருப்பதைப்போல முப்பது மடங்குக்கும் மேல். ரத்தத்தை மையவிலக்கில் சுற்றிப் பிரிக்காமல் நேரம் கடத்தினாலோ, எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலோ, அது வெளியே கசிந்துவிடும். கையை இறுக்கி இறுக்கி மடக்கினால்கூடக் கொஞ்சம் ஏறும். சர்க்கரை இதற்கு நேர் எதிர். பிரிக்காத ரத்தத்தில் செல்கள் அதைத் தின்றுகொண்டே இருப்பதால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சாம்பல் மூடி டியூபில் ஃபுளோரைடு போடுவது அதைத் தடுக்கத்தான், அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுசாக வேலை செய்யாது.

'பார்த்தீங்களா, லேப் எண்ணெல்லாம் சும்மா' என்று இங்கே முடித்துவிட முடியாது. 6.3 நிஜமாக இருந்திருந்தால் இதயத் துடிப்பே தடம்புரளலாம். டாக்டர் அந்த எண்ணை நம்பிவிடவும் இல்லை, ஒதுக்கிவிடவும் இல்லை. அதைச் சோதித்தார். எடுத்த நேரமும் பிரித்த நேரமும் ரிப்போர்ட்டிலேயே இருந்திருந்தால், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தத் தாளிலேயே இருந்திருக்கும். எங்கள் கையில் இருந்ததில் ரிப்போர்ட் அச்சான நேரம் மட்டும்தான் இருந்தது.

சிவப்பு இல்லாத ஆபத்து

இரண்டாவது புகார்தான் எனக்குப் பெரிசு. கிரியாட்டினின் 1.1, வரம்பு 0.6 முதல் 1.2. கறுப்பு எழுத்து, எல்லாம் சரி. முப்பது வயது ஆணுக்கு இந்த 1.1ஐ 2021ஆம் வருஷத்து சிகேடி-எபி சூத்திரத்தில் போட்டால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சுமார் 93 என்று வரும். எழுபது வயதுப் பெண்ணுக்கு அதே 1.1ஐப் போட்டால் 54. மூன்று மாசத்துக்கு மேல் 60க்குக் கீழே நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். மூட்டுவலிக்குத் தினமும் வலிமாத்திரை போடும் ஒரு பாட்டிக்கு இந்த 54 தெரிந்தே ஆக வேண்டும். ரிப்போர்ட்டோ 'நார்மல்' என்று அனுப்பிவைக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, தசை குறைந்த உடம்பில் அது குறைவாகத்தான் இருக்கும் என்பது அந்த வரம்புக்குத் தெரியாது.

ஒரு ஆளுக்குள்ளே நடக்கும் மாற்றமும் அப்படியே. போன வருஷம் 0.95, இந்த வருஷம் 1.05 என்றால் அது உடம்பின், மெஷினின் சாதாரண ஊசலாட்டமாகவே இருக்கலாம். ஆனால் ஒரே வாரத்தில் 0.7 என்பது 1.1 ஆனால், அது ஒன்றரை மடங்குக்கு மேல். திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று வகைப்படுத்த அந்த ஏற்றமே போதும். இரண்டு எண்ணுமே வரம்புக்குள்ளே இருக்கின்றன. இரண்டு தாளிலும் சிவப்பு இல்லை.

லேபின் தரப்பு

நியாயமாகப் பேசுவோம். மெஷின் பக்கம் கண்டிப்பு அதிகம். அளவு தெரிந்த மாதிரியைத் தினமும் ஓட்டி, வரைபடத்தில் புள்ளி வைத்து, 1981இல் வெஸ்ட்கார்டு குழு வகுத்த விதிகளை வைத்து, விலகல் தெரிந்தால் நிறுத்தித் திருத்துகிறார்கள். எங்கள் துறையில் பல இடங்களில் இவ்வளவு ஒழுங்கு கிடையாது. தவறுகளில் பெரும்பங்கு சாம்பிள் மெஷினுக்குப் போவதற்கு முன்பே நடக்கிறது என்பதும் இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்ததே.

இன்னொரு நியாயமும் உண்டு. இந்தப் பிரதி நமக்காக எழுதப்பட்டதில்லை. நோயாளியை எதிரே உட்காரவைத்துப் பார்க்கும் டாக்டருக்கு எழுதிய கடிதம் இது. வயசு, மருந்து, பழைய எண்கள் எல்லாம் அவர் மனசில் இருக்கும் என்று நம்பித்தான் இவ்வளவு சுருக்கமாக எழுதினார்கள். இப்போது முகவரி மாறிவிட்டது. டாக்டருக்கு முன்பே நம் செல்போனுக்கு வருகிறது. பேக்கேஜ் வாங்கியவருக்கு நடுவில் டாக்டரே இல்லை. வாசகர் மாறிய பிறகும் நடை மாறவில்லை என்பதுதான் என் விமரிசனம்.

மாற்றுவது கஷ்டமும் இல்லை. ரத்தம் எடுத்த நேரம், பிரித்த நேரம். செல் உடைந்திருந்தால் ஒரு குறிப்பு (பல மெஷின்கள் அதை ஏற்கெனவே அளக்கின்றன). அளந்த எண்ணா, கணக்கிட்ட எண்ணா என்ற ஒரு சொல். முந்தைய மூன்று முடிவுகள் பக்கத்திலேயே. கிரியாட்டினினுக்குக் கீழே வடிகட்டும் திறன். ஒப்பீட்டு வரம்புக்கு ஒரு நிறம், ஆபத்து எல்லைக்கு வேறு நிறம். சில லேப்கள் இதில் சிலவற்றைச் செய்யவும் செய்கின்றன.

அதுவரை, பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்க. டாக்டரிடம் போகும்போது சிவப்பு எண்ணை மட்டும் காட்டாமல் ஃபைலையே நீட்டுங்க. முந்தைய எண்ணோடு சேர்த்துப் படித்தால்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம் வரும்.