கதவுச் சத்தத்தில் கேட்காதவை

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் செய்வது கதவைத் திறந்து சாத்திப் பார்ப்பது. ஜெர்மன் கார் என்றால் கனமாக, அடங்கி, ‘டப்’ என்று ஒலிக்கும். ஜப்பானின் சிறிய கார்கள் பலவற்றில் தகரம் தட்டியதுபோல் கேட்கும். அந்த நொடியிலேயே பலர் மனத்துக்குள் விலை பேசி முடித்துவிடுகிறார்கள். கதவுப் பூட்டு, ரப்பர்ப் பட்டை, தகட்டுக்குப் பின்னால் ஒட்டும் படலம் என ஒவ்வொன்றையும் ஒலிக்காகவே சோதித்துச் சரிசெய்யும் பொறியாளர்கள் கார் நிறுவனங்களில் இருக்கிறார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பத்தாண்டு கழித்தும் கதவு அதே சத்தத்தோடுதான் மூடிக்கொள்ளும். அதற்குள் தண்ணீர் பம்பும் டைமிங் செயினும் என்ன நிலைக்கு வந்திருக்கின்றன என்பதைக் கதவு சொல்லாது.

ஜெர்மன் கார்களுக்கு உலகம் கொடுத்திருக்கும் பெயர் நியாயமானதா என்று கேட்டால், பாதி நியாயம் என்பேன். ஓட்டத்திலும் உயிர்ப் பாதுகாப்பிலும் அந்தப் பெயர் உழைத்துப் பெற்றது. நீடித்த உழைப்பு, நம்பகம் என்ற பெயரோ முப்பது ஆண்டுகளுக்கும் முன் சேர்த்த சொத்து. அதைத்தான் இன்னும் எடுத்துச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சேர்த்த காலத்தில் அது உண்மையான சொத்தாகவே இருந்தது. 1976 முதல் 1986 வரை மெர்சிடிஸ் தயாரித்த டபிள்யூ 123 கார்கள் சுமார் 27 லட்சம். அவற்றின் டீசல் இன்ஜின்கள் வேகத்துக்குப் பெயர் பெற்றவை அல்ல. உழைப்புக்குப் பெயர் பெற்றவை. ஜெர்மனியில் டாக்ஸியாக ஓடித் தேய்ந்த பின்னும் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இன்னொரு ஆயுள் வாழ்ந்தன. அதற்கு முந்தைய மாடல் மெர்சிடிஸ் ஒன்றை கிரேக்கத்தின் தெசலோனிகி நகர டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். இன்ஜினை மாற்றி மாற்றிப் பூட்டித்தான் அந்தத் தொலைவு வந்தது. ஆனாலும் அப்படி மாற்றி மாற்றிப் பூட்டுவதற்கு ஏற்ற உடலாக அந்தக் கார் இருந்தது. 2004-ல் அந்தக் கார் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ‘ஜெர்மன் உறுதி’ என்ற சொல் விளம்பரத்தில் பிறந்ததல்ல. இப்படிப்பட்ட ஓட்டுநர்களின் வாயில் பிறந்தது.

பாதுகாப்பில் ஜெர்மனிக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. மோதலில் காரின் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்க வேண்டும், நடுவில் ஆள் இருக்கும் கூடு மட்டும் நசுங்கக் கூடாது என்பது பேலா பாரேனி என்ற பொறியாளரின் எண்ணம். கெட்டியாக இருப்பதே பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பிய காலத்தில் அவர் அதைத் தலைகீழாக்கினார். 1959-ல் மெர்சிடிஸ் அதைக் காராகவே செய்து காட்டியது. திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை பாஷும் மெர்சிடிஸும் சேர்ந்து 1978-ல் எஸ் கிளாஸ் காரில் கொண்டுவந்தன. வழுக்கும் காரைத் தானே நேராக்கும் இஎஸ்பி 1995-ல் வந்தது. 1997-ல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்றின் சோதனையில் மெர்சிடிஸின் சிறிய காரான ஏ கிளாஸ் உருண்டு கவிழ்ந்தது. பெரிய அவமானம். விற்பனையை நிறுத்தி, அந்தச் சிறிய காரின் எல்லா மாடல்களுக்கும் இஎஸ்பியைப் பொருத்திய பின்பே மீண்டும் விற்றார்கள். விலையுயர்ந்த கார்களுக்கு மட்டும் இருந்த ஒரு காப்பு சிறிய காருக்கும் இறங்கி வந்தது அப்படித்தான்.

ஓட்டுவதிலும் அந்த மேன்மை உண்டு. ஜெர்மனியின் விரைவுச்சாலையான ஆட்டோபானின் பெரும்பகுதியில் நிலையான வேகவரம்பு கிடையாது. மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை மட்டுமே. 180-ல் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ஸ்டீயரிங் நடுங்காத, பிரேக் சோர்ந்துபோகாத காரைச் செய்ய வேண்டிய கட்டாயம் அந்தச் சாலையிலிருந்து வந்தது. ஜப்பானின் விரைவுச்சாலைகளில் நெடுங்காலம் 100-தான் உச்சவரம்பு. 1957-ல் டொயோட்டா தன் கிரவுன் காரை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, அங்குள்ள நெடுஞ்சாலை வேகத்தில் அது சூடேறியது, அதிர்ந்தது. சில ஆண்டுகளில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இன்றும் இந்தப் பாடத்தின் சுவடு இருக்கிறது. 2019-ல் டொயோட்டா தன் சூப்ரா விளையாட்டுக் காரை மீண்டும் கொண்டுவந்தபோது அதற்கு அடித்தளமும் ஆறு சிலிண்டர் இன்ஜினும் பிஎம்டபிள்யூவிடமிருந்து வந்தன.

அப்படியானால் சறுக்கல் எங்கே? இரண்டு ஆண்டுகளைச் சுட்டுவேன். 1989-ல் டொயோட்டா லெக்சஸ் எல்எஸ் 400 என்ற சொகுசுக் காரை அமெரிக்காவில் இறக்கியது. எஸ் கிளாஸைவிட அமைதி, விலையோ வெகு குறைவு. விற்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே சிறிய குறைகள் தெரியவந்து சுமார் 8,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். டீலர்கள் வீடு தேடிப் போய்க் காரை எடுத்து, சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். குறை வந்த இடத்திலேயே நம்பிக்கை பிறந்தது. அடுத்த ஆண்டு, 1990-ல், அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் உலகக் கார் ஆலைகளை ஒப்பிட்டு எழுதிய புத்தகம் வெளியானது. அதில் பெயர் சொல்லாத ஒரு ஜெர்மன் சொகுசுக் கார் ஆலை வருகிறது. கார் செய்து முடிந்த பின் வெள்ளைக் கோட்டு அணிந்த கைதேர்ந்த தொழிலாளர்கள் அதன் குறைகளைத் தேடித் தேடிச் சரிசெய்கிறார்கள். அந்தத் திருத்த வேலைக்கு மட்டும் ஆன உழைப்பு, ஜப்பானிய ஆலையில் ஒரு காரை முழுதாகச் செய்யத் தேவைப்படும் உழைப்பைவிட அதிகம். கைவினைத் திறன் என்று ஜெர்மானியர் பெருமைப்பட்டது, ஆய்வாளர்களின் கண்ணுக்கு வீண் செலவாகத் தெரிந்தது.

ஜப்பானியரின் வழி ஒரு தறியிலிருந்து வந்தது. சாகிச்சி டொயோடா 1924-ல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறியில் இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். ஒரு முழம் கூடக் கெட்ட துணி நெய்யப்படாது. மகன் கீச்சிரோ காலத்தில் குடும்பம் டொயோட்டா என்ற பெயரில் கார் தொழிலுக்குள் வந்தது. பின்னர் தாய்ச்சி ஓனோ அதே எண்ணத்தைக் கார் ஆலைக்குள் கொண்டுவந்தார். உற்பத்தி வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும், நேற்று சேர்ந்தவராக இருந்தாலும், குறையைக் கண்டால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். அங்கேயே தீர்வு கிடைக்காவிட்டால் வரிசை நிற்கும். குறை கடைசி வரை பயணம் செய்து வெள்ளைக் கோட்டுக்காரரின் மேசைக்குப் போவதில்லை. இந்தக் கயிறுதான் எனக்கு இந்த விவாதத்தின் மையம். தரம் என்பது நிபுணரின் சொத்தா, வரிசையில் நிற்பவரின் உரிமையா என்ற கேள்விக்கு இரண்டு நாடுகளும் வேறு வேறு விடை சொல்லியிருக்கின்றன.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜெர்மனியில் பதிவாகும் புதிய கார்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிறுவனங்களின் பெயரில் பதிவாகின்றன. ஊழியருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கார் கிடைக்கும். சில ஆண்டுகளில் குத்தகை முடியும். அடுத்த கார் வரும். இப்படிப்பட்ட முதல் பயனருக்கு வேண்டியவை வேகம், வசதி, புதிய திரைகள், குறைந்த பராமரிப்புச் செலவு. அதனால்தான் 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்ற நீண்ட இடைவெளி வந்தது. குத்தகைக் கணக்குக்கு அது இனிக்கும். பழசான ஆயிலில் தேயும் செயினுக்கு இனிக்காது. பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம், பின்புறத்தில் இருந்தது. அது தேய்ந்தால் பெரும்பாலும் இன்ஜினையே இறக்க வேண்டும். தொழிற்சாலையில் பூட்டுபவருக்கு அது எந்தப் பக்கம் இருந்தால் என்ன? ஏழாவது ஆண்டில் காரை வைத்திருப்பவருக்குத்தான் அது வாழ்க்கைச் செலவு.

என் நண்பர் ஒருவர் எட்டு வயதான ஜெர்மன் கார் ஒன்றை, புதிய ஜப்பானியச் சிறிய காரின் விலைக்கு வாங்கினார். முதல் ஆண்டு பெருமை. இரண்டாம் ஆண்டில் கூலன்ட் போகும் பிளாஸ்டிக் குழாய் விரிசல் விட்டு நெடுஞ்சாலையில் ஆவி கிளம்பியது. அதைப் பார்த்த மெக்கானிக் சொன்னார்: “சார், வண்டி மேல தப்பில்ல. இதுக்கு ஆஸ்பத்திரி செலவு பண்ற வீட்டுலதான் இது இருக்கணும்.” அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஜெர்மன் கார் உரிமையாளரைப் பராமரிப்பில் பங்காளியாக எதிர்பார்க்கிறது. ஜப்பானியக் கார் உரிமையாளரின் அலட்சியத்தையும் சேர்த்தே கணக்கிட்டு வடிவமைக்கப்படுகிறது.

நுட்பத்திலேயே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறையால் திறனும் சிக்கனமும் கூடும். ஆனால் உள்வால்வுகளைப் பெட்ரோல் கழுவாததால் அங்கே கரி படியும். இந்தக் கரி, இம்முறையில் வந்த ஃபோக்ஸ்வேகன், ஆடி கார்களின் தொடக்கக் கால இன்ஜின்களில் தெரிந்த தொல்லை. டொயோட்டா 2005 வாக்கில் சில இன்ஜின்களில் இரண்டு வகைப் பீச்சலையும் சேர்த்தே வைத்தது. செலவு கூடுதல், ஆனால் வால்வு சுத்தமாக இருக்கும். சிக்கலான இயந்திரம் என்றாலே கெட்டுப்போகும் என்பதும் சரியல்ல. 1997-ல் வந்த பிரியஸ் கேட்பதற்குச் சிக்கலானது. அதில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, வழக்கமான ஆல்டர்னேட்டர் இல்லை, தேயும் கிளட்சும் இல்லை. உலகின் பல நகரங்களில் அது டாக்ஸியாக ஓடி உழைத்தது. அதே காலத்தில் எரிபொருள் சிக்கனத்துக்கு ஜெர்மனி தேர்ந்தெடுத்தது டீசலை. அந்தத் தேர்வின் முடிவு 2015 செப்டம்பரில் தெரிந்தது. சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வேகன் உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் வைத்திருந்தது. அவற்றில் சில, சாலையில் ஓடும்போது அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கின. தன் பொறியியலின் பெயரையே முதலீடாகக் கொண்ட நாட்டில், பொறியாளர்களே அந்தப் பெயரைக் கெடுத்தார்கள். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பானுக்கு இதனால் புனிதம் கூடிவிடவில்லை. டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகளில் அம்மோனியம் நைட்ரேட் எரிபொருள், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் காலப்போக்கில் நிலைகுலைந்தது. உயிர் காக்க வேண்டிய பை வெடித்து உலோகத் துண்டுகளை முகத்தில் அறைந்தது. 2017-ல் அந்த நிறுவனம் திவாலானது. டொயோட்டாவின் முழு உடைமையான டைஹாட்சு 1989 முதலே பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்திருந்தது 2023 டிசம்பரில் வெளியானது. 64 மாடல்கள் பட்டியலில் இருந்தன. குறுகிய காலத்தில் புதிய கார் வர வேண்டும் என்ற நெருக்கடியே காரணம் என்றது விசாரணைக் குழு. வரிசையில் நிற்பவருக்குக் கயிறு கொடுத்த குடும்பத்தில், சோதனைக்கூடத்தில் இருந்தவருக்கு இழுக்க ஒரு கயிறு இல்லாமல் போயிற்று.

நமக்கு இன்னும் நெருக்கமான கணக்கு ஒன்று உண்டு. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கும் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. காற்றுப்பை இல்லாத மாருதி சுசூகி ஆல்டோ 800-க்கும் ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கும் ஒரே மதிப்பெண்: பூஜ்யம். ஆனால் போலோவின் கூடு நிலைகுலையவில்லை. காற்றுப்பை வைத்த போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. காற்றுப்பை இல்லாத வகையை ஃபோக்ஸ்வேகன் விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டது. ஆல்டோவின் கூடோ காற்றுப்பையாலும் காப்பாற்ற முடியாதபடி நசுங்கியது. அதே ஆண்டு நவம்பரில், நம் ஒரகடத்தில் தயாரான, நிசானின் டட்சன் கோவும் பூஜ்யம். அதை விற்பனையிலிருந்து விலக்கச் சொல்லி அந்த அமைப்பு நிசான் தலைமைக்கே கடிதம் எழுதியது. வழியில் நிற்காத கார், மைலேஜ் தரும் கார், மறுவிற்பனையில் விலை இறங்காத கார் என்று நாம் ஜப்பானியச் சிறிய கார்களைப் புகழும்போது இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். 2024-ல் சுசூகியின் புதிய டிசையர் ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கிறது. முன்பே இது முடிந்திருக்கும் என்பதுதான் இதன் பொருள்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. புதிய காரை வாங்கி உத்தரவாதம் முடிவதற்குள் மாற்றிவிடுபவருக்கு ஜெர்மன் காரின் புகழ் இன்றும் உண்மை. பத்தாண்டு வைத்திருப்பவருக்கும், பழைய காரைக் கடன் வாங்கி வாங்குபவருக்கும், அதை ஓட்டிப் பிழைப்பவருக்கும் ஜப்பானியக் காரே சரி. நம் ஊர் டாக்ஸி ஓட்டுநர்கள் இன்னோவாவைத் தேடிப் போவதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை.

ஒரு வேண்டுகோள். பழைய ஜெர்மன் காரைப் பார்க்கப் போகிறீர்களா? கதவைச் சாத்திப் பார்க்கும் முன் சர்வீஸ் பதிவேட்டைக் கேளுங்கள். ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறியிருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த இன்ஜினில் டைமிங் செயின் மாற்ற எவ்வளவு ஆகும் என்று வெளி மெக்கானிக் ஒருவரிடம் விசாரியுங்கள். புதிய ஜப்பானியச் சிறிய கார் வாங்கப் போகிறீர்களா? மைலேஜ் கேட்பதற்கு முன் மோதல் சோதனை மதிப்பெண்ணைக் கேளுங்கள். அது நீங்கள் வாங்கும் அதே வகைக்கு உரியதா என்றும் கேளுங்கள்.