ட்ரோன் தானாகத் திரும்பும், எந்த இடத்துக்கு?

2017 செப்டம்பர் 21 அன்று மாலை, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவை ஒட்டிய கடற்பகுதியில், அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் டிஜேஐ ஃபாண்டம் 4 ட்ரோன் ஒன்றும் மோதிக்கொண்டன. ஹெலிகாப்டர் பத்திரமாகத் தரையிறங்கியது. அதில் சிக்கியிருந்த ட்ரோன் துண்டின் வரிசை எண்ணை வைத்து உரிமையாளரைப் பிடித்தார்கள். ட்ரோனை அவர் இரண்டரை மைல் தொலைவில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் பறக்கவிட்டிருந்தார். சிக்னல் போனதும், தானாக வந்துவிடும் என்று காத்திருந்தார். சுமார் அரை மணி நேரமாகியும் வராததால், பழுதாகிக் கடலில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். விசாரணை அதிகாரிகள் தொடர்புகொள்ளும்வரை மோதல் நடந்ததே அவருக்குத் தெரியாது.

மோதலுக்குத் தானாகத் திரும்பும் வசதியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த வசதி ஆளை எவ்வளவு அசட்டையாக்கிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

ரிட்டர்ன் டு ஹோம், சுருக்கமாக ஆர்டிஎச், மூன்று சந்தர்ப்பங்களில் இயங்கும்: நாமே பொத்தானை அழுத்தும்போது, ரிமோட்டின் சிக்னல் அறும்போது, பேட்டரி திரும்பிவர மட்டுமே போதும் என்ற நிலை வரும்போது. ட்ரோன் முன்பே குறித்துவைத்த உயரத்துக்கு ஏறி, ஜிபிஎஸ் பதிவுசெய்த ஹோம் பாயிண்டை, அதாவது வழக்கமாகக் கிளம்பிய இடத்தை, நோக்கி வந்து, நேர்க்கீழே இறங்கும். மூன்றில் என் மதிப்பெண் பேட்டரிக்குத்தான். எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், திரும்ப எத்தனை சதவீதம் வேண்டும் என்று நொடிக்கு நொடி கணக்குப் போட ஆளால் ஆகாது. படம் பிடிக்கும் மும்முரத்தில் பேட்டரி எண்ணைப் பார்க்கவே மறந்துவிடுவோம். திறந்த வெளி, மிதமான காற்று, தெளிவான வானம் என்றால் இந்த ஏற்பாடு அலுக்காமல் வேலை செய்கிறது. இந்தியாவில் 2018-இல் வந்த ட்ரோன் விதிகள் திரும்பும் வசதியை அல்லது தானாகப் பறத்தலை நிறுத்தும் அமைப்பைக் கட்டாயமாக்கியதில் அர்த்தம் இருந்தது.

சிக்கல் உயரத்தில் தொடங்குகிறது. திரையில் தெரியும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது, ட்ரோனுக்குக் கீழே உள்ள தரையிலிருந்து அல்ல. மலையடிவாரத்தில் நின்று 30 மீட்டர் என்று வைத்துவிட்டுச் சரிவுக்கு அப்பால் அனுப்பினால், திரும்பும் வழியில் மலையே குறுக்கே நிற்கும். முன்பக்க சென்சார் உள்ள மாடல்கள் மோதாமல் தப்பிக்கலாம். டிஜேஐ மினி 2-இல் அதுவும் கிடையாது. சென்சார் இருந்தாலும் மெல்லிய மின்கம்பியும் இலையுதிர்ந்த கிளையும் அதன் கண்ணில் படாமல் போகும், இருட்டில் கேமரா சென்சார் தடுமாறும்.

அடுத்தது ஹோம் பாயிண்ட். போதுமான செயற்கைக்கோள்கள் கிடைக்கும் முன்பே அவசரமாகக் கிளப்பினால், ஜிபிஎஸ் சிக்னல் சரியாகும் இடத்தை ட்ரோன் வீடு என்று குறித்துக்கொள்ளும். அது ஏரிக்கு மேலே இருந்தால், வீடு ஏரிதான். படகிலிருந்து கிளப்புகிறவர்கள் நிலை இன்னும் மோசம்: படகு நகர்ந்துவிட்டிருக்கும், புள்ளி தண்ணீரில் கிடக்கும். ஹோம் பாயிண்ட் பதிவானது, வரைபடத்தில் சரிபாருங்கள் என்று செயலி வாய்விட்டே சொல்கிறது. கேட்டுவிட்டு வரைபடத்தைத் திறக்கிறவர்கள் எத்தனை பேர்?

ஆனால் எனக்கு மிகவும் கவலை தருவது காற்றுதான். மேலே போகப் போகக் காற்றின் வேகம் கூடும். ஆர்டிஎச்சின் முதல் வேலையோ மேலே ஏறுவது. 249 கிராம் எடையுள்ள மேவிக் மினிக்கு உற்பத்தியாளர் சொல்லும் காற்று வரம்பு நொடிக்கு 8 மீட்டர், ஏறத்தாழ மணிக்கு 29 கிலோமீட்டர். எதிர்காற்று ட்ரோனின் வேகத்தை எட்டிவிட்டால், அது ஒரே இடத்தில் நின்று பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். பேட்டரி அபாய அளவுக்கு இறங்கியதும் வீடு என்ற இலக்கு போய், கீழே எது இருக்கிறதோ அங்கேயே இறங்கத் தொடங்கும். 2020-இல் இங்கிலாந்தின் பூல் நகரில் காவல்துறைப் பணியில் இருந்த மேட்ரிஸ் 210 ட்ரோன், வரம்பை மீறிய காற்றில் அடித்துச் செல்லப்பட்டது. தொடர்பும் அறுந்து, பேட்டரி குறைந்து, தானே தரையிறங்கப் போய் ஒரு வீட்டுச் சுவரில் மோதியது. அது கல்யாண வீடியோ எடுக்கும் பொடி ட்ரோன் அல்ல, தொழில்முறைக் கருவி.

சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்பதைப் பல மாடல்களில் நாமே மாற்றலாம்: திரும்பலாம், நின்ற இடத்தில் மிதக்கலாம், இறங்கலாம். பாலத்துக்கு அடியிலோ அடர்ந்த மரங்களுக்குக் கீழேயோ பறக்கும்போது மேலே ஏறுவதே ஆபத்து என்பதால் மிதப்பதுதான் சரி. இந்த அமைப்பு மெனுவின் உள்ளே புதைந்து கிடப்பதை உற்பத்தியாளரின் குறையாகவே சொல்வேன். கிளப்பும் முன் ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டிய கேள்வி அது.

பேட்டரிக்காகத் திரும்பச் சொல்லும்போது திரையில் பத்து நொடி எண்ணிக்கை ஓடும், அதற்குள் ரத்து செய்யலாம். எதிர்காற்று பலமாக இருக்கையில் ரத்து செய்துவிட்டு, கீழே தடை இல்லாத பாதையில் தாழ இறக்கி, காற்று குறைந்த உயரத்தில் கையாலேயே ஓட்டிவருவது பல நேரம் பிழைக்கும் வழி. ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தியே தரையிறக்கிப் பழகியவருக்கு அந்தக் கை வராது.