காற்பங்கும் முக்காற்பங்கும்

பாடங்கேட்கும் மாணாக்கன் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை நன்னூலின் பொதுப்பாயிரம் வரையறுத்துக் கூறுகின்றது. ஆசிரியர் இருக்கச் சொன்னால் இருந்து, சொல்லச் சொன்னால் சொல்லி, ஓவியப் பாவை போல் அடங்கி, செவியையே வாயாகவும் நெஞ்சையே கொள்கலமாகவும் கொண்டு பாடத்தைப் பருக வேண்டும் என்பது பவணந்தி முனிவர் கருத்து. தமிழாசிரியர் பலர் உள்ளத்தில் நன்மாணாக்கனின் உருவம் இன்றும் இதுவே. ஓசையின்றி அமர்ந்து ஆசிரியர் முகத்தையே நோக்கியிருக்கும் பிள்ளையைக் கண்டு மகிழாதார் யார்?

ஆயினும், அவ்வாறு அமர்ந்திருப்போருள் ஒருவனுக்கு அந்தச் செவியாகிய வாய் திறக்கவே இல்லை எனின் என் செய்வது? செவிப்புலன் குன்றிய பிள்ளைதான் பல வேளைகளில் வகுப்பிலே மிக அடங்கியவனாகத் தோன்றுகிறான். அவன் பேசுவதில்லை, வினவுவதில்லை. பிறர் எழுந்தால் எழுகிறான். பிறர் நூலைத் திறந்தால் தானும் திறக்கிறான். இவ்வடக்கம் பணிவன்று. பாடம் அவனைச் சென்று எட்டவில்லை என்பதன் அடையாளம்.

இத்தகைய பிள்ளைகளையும் பொதுப்பள்ளியில் ஏனையோருடன் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிப்பதை உள்ளடங்கிய கல்வி என்பர். 1994இல் ஸ்பெயின் நாட்டுச் சாலமன்கா நகரில் கூடிய உலக மாநாடு இக்கொள்கையை நாடுகளின் முன் வைத்தது. உடற்குறையுடையோர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 2006இல் உருவாயிற்று; மலேசியா அதனை 2010இல் ஏற்றது. 2013 முதல் 2025 வரைக்கும் வகுக்கப்பட்ட மலேசியக் கல்விப் பெருந்திட்டம், சிறப்புத் தேவையுடைய மாணாக்கரில் 100க்கு 75 பேரை உள்ளடங்கிய கல்வியில் சேர்ப்பதை இலக்காகக் கொண்டது. எப்பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கையும் 2019இல் நடைமுறைக்கு வந்தது.

கொள்கை நன்று என்பதில் ஐயமில்லை. அஃது எந்த அளவுகோலால் அளக்கப்படுகின்றது என்பதே ஆராயத்தக்கது. 100க்கு 75 என்னும் கணக்கு நாற்காலிகளை எண்ணுகின்றது. நாற்காலியில் அமர்ந்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதை எண்ணுவதில்லை. அதனை அளக்கவும் நன்னூலிலேயே ஒரு கோல் உண்டு. ஆசிரியர் உரைத்ததை ஒருவன் எவ்வளவு செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் புலமையில் காற்பங்கே கைகூடும். உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேரும். தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்கிறார் பவணந்தியார். செவியை வாயாக்கச் சொன்ன அதே ஆசிரியர், செவிவழி வருவது காற்பங்கே எனவும் கூறியிருத்தல் ஊன்றி நோக்கற்பாலது.

முதலில் அந்தக் காற்பங்கைக் காண்போம். காது கேளாதவன் உதட்டைப் பார்த்துப் பேச்சை அறிந்துகொள்வான் என்று பலர் எளிதாக நம்புகின்றனர். தொல்காப்பியப் பிறப்பியலைப் பயின்ற தமிழாசிரியர் அவ்வாறு நம்புதல் இயலாது. ககரமும் ஙகரமும் நாவின் அடியில் பிறக்கின்றன. சகரமும் ஞகரமும் இடைநாவில் பிறக்கின்றன. டகரமும் ணகரமும் நுனிநாவில் பிறக்கின்றன. இவை யாவும் வாயின் உள்ளே நிகழ்வன. வெளியே தெளிவாகத் தெரிவன இதழ் இயைந்து பிறக்கும் பகரமும் மகரமும், பல்லும் இதழும் இயையப் பிறக்கும் வகரமும், சில உயிரெழுத்துகளுமே. தெரியும் பகர மகரங்களோ தம்முள் வேறுபாடின்றித் தோன்றுகின்றன. மகரத்தின் மூக்கொலியைக் கண் காணாது. எனவே பணம், மணம், மனம், படம், மடம் ஆகிய ஐந்தும் உதட்டில் ஏறத்தாழ ஒன்றே. பாடு எனச் சொன்னதும் மாடு எனச் சொன்னதும் ஒன்றே. லகர ளகர வேறுபாட்டைக் கேட்கும் பிள்ளைகளுக்கே வருந்திக் கற்பிக்கிறோம். உதட்டைப் பார்க்கும் பிள்ளைக்குக் கல்லும் கள்ளும் எவ்வாறு வேறாகும்? சூழலும் முன்னறிவும் உடையவனுக்கே உதட்டு வாசிப்பு துணை செய்யும். மொழியை இன்னும் பெறாத குழந்தைக்கு அது புதிராகவே நிற்கும்.

செவிக்கருவி உண்டே எனலாம். கருவி ஒலியைப் பெருக்கும். ஆனால் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகுந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பது ஒலியியல் கணக்கு. ஒரு மீட்டர் தொலைவில் கேட்கும் ஆசிரியரின் குரல் 8 மீட்டருக்கு அப்பால் 18 டெசிபெல் குறைந்துவிடும். சுவர்கள் அதைச் சற்று ஈடு செய்யினும், அவற்றில் மோதித் திரும்பும் எதிரொலி சொற்களை ஒன்றோடொன்று குழப்பும். தகரக் கூரைமீது மழை பெய்யும் வேளையும், விசிறி சுழலும் ஒலியும், அடுத்த வகுப்பின் வாய்ப்பாட்டு ஒலியும் சேர்ந்தால், கடைசி வரிசையில் கருவி அணிந்து அமர்ந்த பிள்ளைக்குக் கிடைப்பது ஒலியே, சொல்லன்று.

சிறிதளவு கேள்விக் குறையுடைய பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வதால் ஒரு திங்கள் கேட்டும் மறு திங்கள் கேளாமலும் இருக்கும் சிறுவர் உளர். ஒரு நாள் விடை கூறி மறுநாள் விழிக்கும் அத்தகைய பிள்ளையைச் சோம்பேறி எனவும் மந்தன் எனவும் கருதிவிடுதல் எளிது. இப்பழி புதியதன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளிக்கு அறிவுறுத்திய புறநானூற்றுப் பாடல், ஊமையையும் செவிட்டையும் எண்வகைக் குறைப்பிறப்புகளுள் வைத்து, அவற்றால் ஊதியம் இல்லை என்னும் கருத்தைக் கூறுகின்றது. அஃது அக்காலத்து நோக்கு. பழமை என்பதற்காக அதனைப் போற்றுதல் வேண்டா. அதனினும் நுண்ணிய நோக்கு தொல்காப்பிய மரபியலில் உண்டு. செவியறிவை ஐந்தாவதாகவும் மனவறிவை ஆறாவதாகவும் அது தனித்தனியே நிறுத்துகின்றது. ஐந்தாவது குன்றியதால் ஆறாவதும் குன்றியது எனக் கொள்வது நூல்முறைக்கும் ஒவ்வாது, உண்மைக்கும் ஒவ்வாது.

இனி, உடன்பயில்வாரால் வரும் இரண்டாம் காற்பங்கைக் காண்போம். இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. கெடாவை அடுத்த பினாங்கில் 1954இல் காது கேளாதோர்க்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கப்பட்டது. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையை வகுப்பிலிருந்து விலக்குமாறு தீர்மானித்த பின்னர், பேச்சுமுறையே உலகெங்கும் ஓங்கியிருந்தது. பினாங்குப் பள்ளியும் அம்முறையையே தொடக்கத்தில் மேற்கொண்டது. ஆனால் வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் தமக்குள் கைகளாலும் முகக்குறிப்பாலும் பேசிப் பேசி ஒரு மொழியையே உருவாக்கிக்கொண்டனர். பினாங்குச் சைகைமொழி எனப் பின்னாளில் பெயர் பெற்றது அதுவே. எந்த ஆசிரியரும் கற்பிக்காத மொழி அது. பயில்வார் கூட்டத்தால் மட்டுமே பிறந்தது. நன்னூலார் கூற்றுக்கு இதனினும் சிறந்த உரை எழுதுதல் அரிது.

சைகை என்பது மொழியின் சிதைவன்று. அமெரிக்கச் சைகைமொழிக்கு உறுப்பமைப்பும் இலக்கணமும் உண்டு என்பதை வில்லியம் ஸ்டோக்கி 1960இல் ஆராய்ந்து காட்டினார். மிலான் தீர்மானங்களை 2010இல் வான்கூவர் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு கைவிட்டு வருத்தமும் தெரிவித்தது. மலேசியச் சைகைமொழியைக் காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாக 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் ஏற்றுள்ளது.

இங்கேதான் உள்ளடங்கிய கல்வியின் முரண் வெளிப்படுகின்றது. சிறப்புப் பள்ளியில் பிள்ளைக்கு உடன்பயில்வார் கூட்டம் உண்டு. ஆனால் அவன் வீட்டையும் ஊரையும் விட்டு விலக நேரிடலாம். பொதுப்பள்ளியில் வீடும் ஊரும் உண்டு. ஆனால் அவனோடு பேச வல்லார் ஒருவரும் இலர். முப்பது பேர் நடுவே அவன் தனியன். ஆசிரியரின் பாடத்தில் இழந்தது காற்பங்கு எனின், இடைவேளையில் இழப்பது மற்றொரு காற்பங்கு. தான் அறிந்ததைப் பிறர்க்கு உரைக்க வாய்ப்பே இல்லாமையால் அரைப்பங்கும் போகின்றது. நாற்காலி கிடைத்தது, புலமையின் நான்கு கூறும் கிடைக்கவில்லை.

தமிழ்க் குடும்பத்திற்கு இச்சிக்கல் இன்னும் ஒரு மடங்கு கூடுதல். ஜெராய் மலையின் அடிவாரத்தில் உள்ள குருணையும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களையும் எண்ணிப் பார்க்கலாம். காது கேளாத குழந்தைகளில் 100க்கு 90க்கு மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோர்க்கே பிறக்கின்றனர். தாயும் தந்தையும் தமிழ் பேசுவர். அது குழந்தையைச் சென்று சேராது. சைகையோ அவர்கள் அறியாதது. மொழி முளைக்க வேண்டிய முதல் ஐந்தாண்டுகள் இவ்வாறு கழிந்துவிட்டால், பிள்ளை எம்மொழியும் நிரம்பாமலே முதலாம் ஆண்டு வகுப்பில் வந்து அமரும். பின்னர்ச் சிறப்பு வகுப்பில் சேர்ந்தால் அங்குக் கைக்குறி மலாய்மொழியைத் தழுவியது. மலாய்ச் சொல்லொழுங்கையும் ஒட்டுகளையும் கைக்குறியாக்கும் முறையும் அங்கு வழக்கில் உண்டு. பிள்ளை அதனைக் கற்று வீடு திரும்பினால், பாட்டி கேட்கும் தமிழுக்கும் பேரன் காட்டும் கைக்கும் இடையே பாலம் இல்லை. தமிழ்ப்பள்ளியில் வைத்திருந்தாலோ, தமிழ் சுவரில் எழுதிய எழுத்தாக மட்டும் நிற்கின்றது.

அந்த எழுத்தை எளிதாக எண்ணலாகாது. எண்ணையும் எழுத்தையும் கண் என்றார் வள்ளுவர். ஏனையோர்க்கு அஃது உவமை. கேளாப் பிள்ளைக்கு உண்மை. அவனுக்குத் தமிழ் கண்வழியே வர வேண்டும். ஆனால் எழுத்து தனியே முதன்மொழி ஆகாது; உள்ளத்தில் முன்பே ஒரு மொழி இருந்தால்தான் எழுத்து அதன்மேல் ஊன்றி நிற்கும். எனவே சைகையைத் தமிழின் பகையாகக் கருதுவோர் பிழைபடக் கருதுகின்றனர். சைகை வேர்; தமிழெழுத்து கிளை. வேரை வெட்டிக் கிளையை வளர்க்க இயலாது.

தமிழாசிரியர் செய்யத்தக்கவை அரியன அல்ல. சன்னலைப் பின்னே வைத்து நிற்காமல் முகத்தில் ஒளி படுமாறு நிற்கலாம். கரும்பலகையை நோக்கிப் பேசுவதை ஒழிக்கலாம். பாடத்தின் முதன்மைச் சொற்களை முன்னரே எழுதிவைக்கலாம். ஒரு மாணாக்கன் கூறிய விடையை அனைவரும் காணுமாறு திரும்பக் கூறலாம். சொல்வதெழுதுதலில் மதிப்பெண் குறைந்த பிள்ளையை அறிவு குறைந்தவன் எனத் தீர்ப்பளிக்குமுன் செவியைச் சோதிக்க அனுப்பலாம். கேட்டல், பேச்சுத்திறன்களுக்கு மாற்றாக அவன் எழுதியும் காட்டியும் விளக்குவதை ஏற்கலாம்.

ஆனால் இவை யாவும் முதற் காற்பங்கைச் சேர்ந்தவை. எஞ்சிய முக்காற்பங்குக்கு வகுப்பு முழுவதும் மாறுதல் வேண்டும். சைகை அறிந்த ஆசிரியர் ஒருவர் துணை நிற்க வேண்டும். நாள்தோறும் சில சைகைகளை எல்லாப் பிள்ளைகளும் கற்க வேண்டும். பெற்றோர்க்கும் பள்ளியிலேயே மாலையில் சைகை வகுப்பு நடத்தலாம். காது கேளாத பெரியோர்களையே அங்குக் கற்பிக்க அழைக்கலாம். ஒரு சிற்றூரில் இவ்வொரு பிள்ளைக்காக இத்தனை செலவா எனக் கேட்பார் உளர். பல பள்ளிகளில் சிதறிக் கிடக்கும் இத்தகைய பிள்ளைகளை வட்டாரத்தில் ஒரு பள்ளியில் நால்வர் ஐவராகச் சேர்த்தால், செலவும் குறையும். உடன்பயில்வார் கூட்டமும் உண்டாகும். அப்பள்ளி தமிழ்ப்பள்ளியாயிருப்பின் வீட்டுமொழியும் பிழைக்கும்.

கேள்வி என்னும் தமிழ்ச்சொல்லுக்குக் கேட்டல் என்பதும் பொருள். வினா என்பதும் பொருள். முதற்பொருள் வாய்க்காத பிள்ளைக்கு இரண்டாம் பொருளேனும் வாய்க்கச் செய்வது பள்ளியின் கடமை. வகுப்பில் எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர் என்பதை விடுத்து, அப்பிள்ளை இன்று ஒரு வினாவை எழுப்பினானா, உடனிருந்தவனுக்கு ஒன்றை விளக்கினானா என நோக்குவதே தக்க அளவுகோல்.

பொறி இல்லாமை எவர்க்கும் பழியன்று என்பது ஆள்வினையுடைமை அதிகாரத்துக் குறள் ஒன்றின் கருத்து. பொறி என்பதற்கு விதி எனப் பரிமேலழகர் பொருள் கொண்டார். உடற்புலன் எனக் கொள்வாரும் உளர். எப்பொருள் கொண்டாலும் அக்குறளின் பிற்பகுதி மாறுவதில்லை. அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்பது அது. செவி குன்றிய பிள்ளைமேல் அப்பழி சேராது. அவன் ஓவியப் பாவை போல் அமர்ந்திருப்பதைக் கண்டும் காரணம் தேடாத பள்ளியையே அது சேரும்.