ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றில் மைல்கற்கள்

இலக்கிய வரலாறு எழுதுவோர் காலத்தைப் பகுத்துக்கொள்ளுதற்கு அரச மரபுகளைத் துணைக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சங்க காலம், சங்கமருவிய காலம், பல்லவர் காலம், சோழர் காலம், நாயக்கர் காலம், ஐரோப்பியர் காலம் என்னும் பகுப்பு, வி. செல்வநாயகம் அவர்களின் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ 1951ஆம் ஆண்டில் வெளிவந்த பின்னர் இலங்கை மாணவர் நாவில் வாய்ப்பாடு போலப் பதிந்தது. ஒவ்வொரு காலத்தின் அரசியல், சமுதாய நிலைகளிலிருந்து அக்கால இலக்கியத்தின் இயல்பை விளக்கிய அந்நூல் பெருந்தொண்டு செய்தது என்பதில் ஐயமில்லை. ஆயின், தமிழகத்து நிலத்தை அளந்த கோல் ஈழத்து நிலத்துக்கு எவ்வாறு பொருந்தும்? மதுரையில் நாயக்கர் ஆண்டபோது நல்லூரில் ஆண்டவர் வேறு அரசர். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டபோது மதுரையில் நாயக்கராட்சி நிலைபெற்றே இருந்தது. ஆகவே ஈழத்திலக்கிய வழிக்குத் தனியே மைல்கற்கள் நாட்டவேண்டியுள்ளது. எவற்றை நாட்டுவது என்பதிலேதான் வழக்கு.

யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் நின்று, ‘கட்டை’ என்று மக்களால் வழங்கப்பட்ட மைல்கற்கள் அழகுக்காக நாட்டப்பட்டனவல்ல. வழி மேலே செல்கின்றது என்பதற்கு அவை சான்று. நினைவுத்தூண் அத்தகையதன்று, வழி முடிந்தவிடத்திலும் அது நிற்கும். ஒரு நூல் தன்னளவிற் சிறந்திருத்தல் அதனை நினைவுத்தூணாக்கும். அதற்குமுன் இயலாதிருந்த ஒன்றைப் பின்வந்தோர் செய்தற்கு அது வழிதிறந்ததாயின், அப்பொழுதே அது மைல்கல்லாகும். இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாமையால், பெருமைக்குரியவற்றையெல்லாம் மைல்கல் எனக் கூறி மகிழும் வழக்கம் நம்மவரிடை வேரூன்றிவிட்டது.

ஈழத்துப் பூதந்தேவனாரை முன்னிறுத்தியே ஈழத்திலக்கிய வரலாறு பெரிதும் தொடங்கப்படுகின்றது. அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் நற்றிணையிலுமாக அவர் பாடல்கள் ஏழு உள. அவற்றின் நயம் வேறு. ஈழத்தில் ஒரு மரபு அவரால் தொடங்கிற்று என்பது வேறு. அவர் பாட்டில் வருபவன் கூடலையாண்ட பாண்டியன். அவர்க்கும், 1310இல் தம்பதெனியாவில் அரங்கேறிய போசராச பண்டிதரின் ‘சரசோதிமாலை’க்கும் இடையே ஆயிரம் ஆண்டு வெறுமை கிடக்கின்றது. அச்சோதிட நூலோ யாழ்ப்பாணத்தில் எழுந்ததன்று. அதனைப் போற்றியவன் சிங்கள மன்னனாகிய பராக்கிரமபாகு. யாழ்ப்பாணமே ஈழத்தமிழின் ஊற்றுக்கண் என்று மேடைகளில் முழங்குவோர் இச்செய்தியை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

அரசகேசரியின் ‘இரகுவம்சம்’ நல்லூர் அரசவையின் புலமைக்குப் பெருஞ்சான்று. ஆனால் காளிதாசனிடத்துத் தெளிந்தோடும் நீர் இங்கே கற்றார்க்கும் உரையின்றி இறங்குதற்கரிய மடுவாயிற்று. கணேசையர் அதற்கு உரைகாண நேர்ந்தது அந்நூலின் சிறப்பையும் குறையையும் ஒருங்கே காட்டும். அது தூணேயன்றிக் கல்லன்று. ஒல்லாந்தர் காலத்து நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் அந்தாதிகளும் பள்ளும் கோவையும் சொல்வளம் மிக்கன. எனினும், தமிழகத்தில் முன்பே வகுத்த பாதையில் நடந்தவை.

உண்மையான திருப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. அது பாட்டில் நிகழவில்லை, உரைநடையில் நிகழ்ந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி நிறுவினர். 1841இல் ‘உதயதாரகை’ வெளிவந்தது. அறிவியலையும் செய்தியையும் வாதத்தையும் தமிழ் உரைநடை தாங்கும் என்பதை அவர்களே முதலில் வழக்கிற் காட்டினர். சைவ நிலையத்துப் பக்கங்களில் இதனைக் கூறத் தயங்குவது வரலாற்றுக்கு அடாது. ஆறுமுக நாவலர் (1822–1879) பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைசெய்தவர். எதிரியின் படைக்கலங்களை அவர் பட்டறையிலேயே பயின்று, பின்னர் அவற்றையே தம் சமயத்தைக் காக்க எடுத்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை, பின்னர் அச்சுக்கூடம், 1852இல் ‘பெரியபுராண வசனம்’ என அவர் முயற்சிகள் ஒன்றையொன்று தொடர்ந்தன. சேக்கிழார் பாட்டை ஓதுவார் வாயிலாகவும் புராணபடனஞ் செய்வார் வாயிலாகவும் கேட்டறிந்திருந்த பொதுமக்கள், அடியார் வரலாற்றைத் தாமே எடுத்துப் படிக்கும் நிலை அதனாற் பிறந்தது. பிழையற்ற தொடர், குறியீடுகளால் தெளிந்த வாக்கியம், பாலபாடத்தில் படிப்படியாக உயரும் சொல்லாட்சி ஆகியவற்றைப் பின்னர்த் தமிழிற் பாடநூல் எழுதினோர் கைவிட முடியவில்லை. இதுவே மைல்கல்லின் இலக்கணம்.

அடுத்த கல், இயற்றிய நூலன்று, பதிப்பித்த நூல்கள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) வட்டுக்கோட்டையிற் கற்று, பேர்சிவல் நடத்திய ‘தினவர்த்தமானி’க்கு ஆசிரியராகச் சென்னை சென்றவர். வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887), சூளாமணி (1889) என அவர் அச்சேற்றியவற்றின் வரிசை வியப்புக்குரியது. தொட்டால் ஒடிந்து உதிரும் ஏடுகளைக் கண்டு அவர் பட்ட துயரை அவர் பதிப்புரைகளிற் காணலாம். எட்டுத்தொகையுள் முதலில் அச்சேறியது அவர் கண்ட கலித்தொகையே. அதே 1887இல் உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் வந்தது. இருவருள் யார் பெரியர் என்று இன்றும் தொடரும் வாதம் பயனற்றது. ஒருவர் விட்ட இடங்களை மற்றவர் நிரப்பினர் என்பதே ஏடுகளுக்கு வாய்த்த நற்பேறு. பூதந்தேவனாரின் ஏழு பாடல்களை இன்று மாணவன் ஒருவன் படிக்கின்றான் எனின், பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கிவைத்த அவ்வழியின் பயனே அது.

புனைகதையில் வழிதிறந்தவர்களும் யாழ்ப்பாணத்தாரல்லர். கண்டியிலிருந்த சித்திலெவ்வை 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ எழுதினார். திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளை 1895இல் ‘மோகனாங்கி’யைத் தந்தார். பண்டித மரபு ஓங்கிநின்ற குடாநாடு இவற்றை இலக்கியமாக மதிக்க நெடுங்காலஞ் சென்றது. 1930இல் சுன்னாகத்தில் தோன்றிய ‘ஈழகேசரி’யும், 1946இல் எழுந்த ‘மறுமலர்ச்சி’ இதழும் சிறுகதைக்கு இங்கே இடந்தேடிக் கொடுத்தன.

அறுபதுகளில் எழுந்த மரபுப் போராட்டத்தை வெறும் இலக்கணச் சண்டையாகக் கருதுவோர் அதன் உட்பொருளை உணர்ந்திலர். பேச்சு வழக்கைப் படைப்பில் ஆளலாமா என்ற வினாவுக்குள்ளே, யாருடைய பேச்சு என்ற வினா மறைந்திருந்தது. டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசு பெற்றதும், கைலாசபதியும் சிவத்தம்பியும் திறனாய்வில் சமுதாயப் பார்வையை நிலைநாட்டியதும், 1972இல் கே. டானியலின் ‘பஞ்சமர்’ வெளிவந்ததும் ஒரே ஓட்டத்தின் அலைகள். நாவலர் செப்பஞ்செய்த நடையில் இம்மாந்தர் பேசியிருக்கவியலாது. அவர் நிறுவிய சமுதாய ஒழுங்கில் இவர்களுக்கு இடம் வாசலுக்கு வெளியேதான் இருந்தது. நாவலரின் உரைநடையை மைல்கல் என ஏற்பவர், அவ்வழி எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதையும் ஏற்றேயாகவேண்டும். ‘பஞ்சமர்’ கலைச்செப்பத்திற் குறையுடையது என்பாருமுளர். அக்குறை மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அதன்பின் குடாநாட்டு வாழ்க்கையை எழுத வந்தோர் சாதியைக் காணாதது போல் எழுதுதல் அரிதாயிற்று.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நிகழ்ச்சிக்கு இவ்வளவையில் எப்பெயரிடுவது? அது வழிதிறந்ததன்று, இருந்த வழியின் பல கட்டைகளைப் பிடுங்கி எறிந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ (1886), கணேசையரின் ‘ஈழநாட்டுத் தமிழ்ப் புலவர் சரிதம்’ (1939) போன்ற தொகுப்புகள் வேறிடங்களிற் பிழைத்திருந்தமையாலேயே பல புலவர் பெயர்களேனும் இன்று நமக்குக் கிட்டுகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எனும் மின்னூல் முயற்சி, எஞ்சிய ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படிவமெடுத்துச் சேர்த்து வருகின்றது. ஏட்டினின்று அச்சுக்கு மாறியபோது தாமோதரம்பிள்ளை செய்தது படியெடுத்தல் மட்டுமன்று. பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடந்தெரிந்ததே அவர் பணியின் உயிர். படிவங்கள் இப்பொழுது சேர்ந்துவிட்டன. அவற்றை அவ்வாறு ஒப்புநோக்குவார் இன்னும் மிகச் சிலரே.